வெண்பூ விரிப்பும் விரல்களின் விலையும்

நாள்தோறும் கண்ணில் படும் பொருள்கள் கருத்தில் படாமற் போவது உலக இயல்பு. திருஇருதயப் படத்தின் முன் விளக்கு வைக்கும் சிறுமேசையின் மேலும், முன்னறை நாற்காலியின் முதுகிலும், விருந்தினர்க்குத் தேநீர் கொணரும் தட்டின் மேலும் நம் இல்லங்கள் பலவற்றில் விரிக்கப்பட்டிருக்கும் வெண்ணிற வட்ட விரிப்பு அத்தகைய பொருள்களுள் ஒன்று. நடுவே ஒரு பூ. பூவைச் சூழ வலைக்கண்கள். விளிம்பில் சிப்பியின் ஓரம் போன்ற வளைவுகள். அதனைக் குரோஷா வேலை என்று அழைக்கின்றோம். பெண்மக்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் அழகிய கைவேலை என்பதற்கு மேல் அதனைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது அரிது.

அவ்வெண்ணம் பாதி உண்மையே. ஓய்வு உடையோர் கைகளிலும் இவ்வூசி இயங்கியது. எனினும், இக்கலையை உலகெங்கும் பரப்பியவர்கள் ஓய்வு என்பதையே அறியாத ஏழைப் பெண்கள். பஞ்சத்தில் பிறர் உயிரையும் தம் உயிரையும் காத்துக்கொள்ள இவ்வூசியைப் பற்றியவர்கள் அவர்கள். மேசையை அழகுசெய்யும் இவ்விரிப்பின் வரலாறு கூலியின் வரலாறாகவும் இருக்கின்றது. அதனைச் சற்று விரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் ஊசி, ஒரு கண்ணி

முதலில் வேலையின் இயல்பை அறிந்துகொள்வோம். நுனியில் சிறு கொக்கியுடைய ஓர் எஃகு ஊசி, ஒரு நூற்கண்டு. இவ்வளவே இதற்கு வேண்டிய கருவிகள். நூலை ஒரு கண்ணியாக்கி, கொக்கியால் நூலை அக்கண்ணியினூடே இழுத்தால் அடுத்த கண்ணி பிறக்கும். இழுத்துக்கொண்டே சென்றால் சங்கிலி. ஆறோ எட்டோ கண்ணிகள் கொண்ட சங்கிலியின் இரு முனைகளையும் இணைத்தால் ஒரு வளையம். அவ்வளையமே விரிப்பின் நடுப்புள்ளி. அதனைச் சுற்றிச் சுற்றி, இடையே வெளி விட்டும் நெருக்கியும் பின்னிக்கொண்டே போக, இதழும் வலையும் விளிம்பும் உருவாகின்றன.

இதில் ஒரு கணக்கு உண்டு. வட்டம் பெருகப் பெருக ஒவ்வொரு சுற்றிலும் கண்ணிகளைக் கூட்ட வேண்டும். கூட்டியது குறைந்தால் விரிப்பு கிண்ணம் போலக் குழிந்துவிடும். மிகுந்தால் விளிம்பு கொசுவம் போலச் சுருண்டு அலையும். கணக்குப் பிசகாதிருந்தால்தான் மேசைமேல் படிந்து கிடக்கும். பின்னி முடித்தபின் துவைத்து, கஞ்சியில் தோய்த்து, மெத்தென்ற துணியின் மேல் வட்டம் கோணாமல் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைப்பர். எழுத்தறியாத பெண்கள் பலர் நூற்றுக்கணக்கான கண்ணிகளை மனத்திலேயே எண்ணி இதனைச் செய்துவந்திருக்கின்றனர் என்பதை மறத்தலாகாது.

இவ்வேலைக்கு வேறு சில சிறப்புகளும் உண்டு. இரண்டு நீண்ட ஊசிகளால் செய்யும் கம்பளிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் அனைத்தும் ஊசியில் ஏறி நிற்கும். குரோஷாவிலோ பெரும்பாலும் ஒரு கண்ணி மட்டுமே ஊசியில் தங்கும். ஆதலால் குழந்தை அழுதால் வேலையை அப்படியே வைத்துவிட்டு எழலாம். உலை கொதித்தால் இறக்கிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தறி வேண்டா, சட்டம் வேண்டா, தனி அறையும் வேண்டா. குடிசை வாயிலில் பகலொளி உள்ளவரை அமர்ந்து செய்யலாம். ஏழைப் பெண்ணின் வாழ்வோடு இவ்வளவு எளிதாகப் பொருந்தும் தொழில்கள் மிகச் சிலவே.

மற்றொரு சிறப்பு நம்மைச் சிந்திக்க வைப்பது. கம்பளிப் பின்னலை இயந்திரம் பின்னுகின்றது. துணியை இயந்திரம் நெய்கின்றது. குரோஷாவைப் போலத் தோன்றுவனவற்றையும் இயந்திரங்கள் செய்கின்றன. ஆனால் உண்மையான குரோஷாப் பின்னலை வணிக அளவில் செய்யும் இயந்திரம் இன்றுவரை வழக்கிற்கு வரவில்லை. அப்படியாயின், உலகில் எந்தக் கடையில் எவ்வளவு மலிவாக ஒரு குரோஷா விரிப்பு விற்கப்பட்டாலும், அதன் ஒவ்வொரு கண்ணியையும் ஒரு மனிதக் கையே இழுத்திருக்கின்றது என்பது பொருள்.

பெயர்களின் பயணம்

குரோஷே என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்பது பொருள். அதுவே நம் பேச்சில் குரோஷா ஆயிற்று. டாய்லி என்று ஆங்கிலேயர் இவ்விரிப்பை அழைப்பது 17-ஆம் நூற்றாண்டில் இலண்டனில் துணிக்கடை வைத்திருந்த ஒரு வணிகரின் பெயரால் என்பர். அவர் விற்ற மலிவான மெல்லிய துணிக்கு முதலில் அப்பெயர் அமைந்தது; பின்னர் உணவு மேசையில் இடும் சிறு துணிக்கும், இறுதியில் அழகு விரிப்புக்கும் மாறிற்று. லேஸ் எனப்படும் வலைப்பின்னல் துணிக்குத் தமிழில் ரேந்தை என்றொரு சொல் உண்டு. அது ரெண்டா என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு. கடல் கடந்து வந்த கலை என்பதற்கு அச்சொல்லே சான்று.

ரேந்தை வகைகளுள் தையலூசியால் ஆக்குவதும், திண்டின்மேல் பல சிறு மரக்குச்சிகளில் சுற்றிய நூல்களை முறுக்கி ஆக்குவதும் பழமையானவை. ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டிலேயே அவை செழித்திருந்தன. குரோஷாவோ அவற்றின் இளைய தங்கை. 1800-க்கு முன் அது ஐரோப்பாவில் இருந்ததற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அச்சில் வந்த குரோஷா மாதிரிகளுள் மிகப் பழையவை 1820-களில் பெனெலோப்பே என்னும் டச்சு இதழில் வெளியானவை. 1840-களில் பிரெஞ்சுத் தந்தைக்கும் ஐரிஷ் தாய்க்கும் பிறந்த ரியேகோ தெ லா பிரான்சார்தியேர் என்னும் அம்மையார் இங்கிலாந்தில் குரோஷா நூல்களை வெளியிடலானார். நடுத்தரக் குடும்பப் பெண்களிடையே இக்கலை பரவிற்று. அதே வேளையில்தான் அண்டை நாட்டில் ஒரு பெருங்கேடு நிகழ்ந்தது.

பஞ்சமும் கன்னியர் மடமும்

1841-ஆம் ஆண்டின் கணக்குப்படி அயர்லாந்தின் மக்கள்தொகை 80 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. ஏழை உழவர் பெரும்பாலோர்க்கு உருளைக்கிழங்கே உணவு. 1845-இல் கிழங்குச் செடிகளை ஒரு கருகல் நோய் தாக்கிற்று. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் விளைச்சல் அழிந்தது. தானியமும் கால்நடையும் நாட்டைவிட்டு ஏற்றுமதியாகிக்கொண்டிருக்க, அவற்றை விளைவித்தவர்கள் பசியாலும் காய்ச்சலாலும் மடிந்தனர். பஞ்சம் ஓய்வதற்குள் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் இறந்தனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறி நாடு துறந்தனர்.

அரசின் உதவி சிறிதாகவும் காலம் கடந்தும் வந்தது. அந்நிலையில் பெண்கள் சிலர் தம்மால் ஆனதைச் செய்ய முன்வந்தனர். கார்க் நகரை அடுத்த பிளாக்ராக்கிலிருந்த உர்சுலின் சபை அருட்சகோதரியர் தம் பள்ளிக்கு வந்த ஏழைச் சிறுமியர்க்குக் குரோஷாவைக் கற்பித்தனர். கற்றதோடு நில்லாமல் அதனை விற்றுக் கூலி பெறவும் வழி செய்தனர். கார்க் நாளடைவில் அயர்லாந்தின் குரோஷாத் தொழிலுக்கு ஒரு தலைநகர் போலாயிற்று. யால் என்னும் கடற்கரைச் சிறுநகரில் காணிக்கை அன்னை சபையைச் சேர்ந்த அன்னை மேரி ஆன் ஸ்மித் என்பார், மடத்திலிருந்த பழைய இத்தாலிய ரேந்தைத் துண்டு ஒன்றை இழையிழையாகப் பிரித்து, அது கட்டப்பட்ட முறையைத் தாமே கற்றுக்கொண்டார். பின்னர் ஊர்ச் சிறுமியர்க்கு அதனைக் கற்பித்தார். அவரது முயற்சியால் 1852-இல் அங்கே ரேந்தைப் பள்ளி அமைந்தது. யால் ரேந்தை தையலூசி வகையைச் சேர்ந்தது, குரோஷா அன்று. ஆயினும் தேவை ஒன்றே, நோக்கமும் ஒன்றே.

இப்பணி கத்தோலிக்கர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. மோனஹன் மாவட்டத்துக் குளோனிஸ் என்னும் ஊருக்கு 1847-இல் வந்த அயர்லாந்துத் திருச்சபைப் போதகரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் அம்மையார், பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவரை வருவித்துச் சுற்றுப்புறப் பெண்களுக்குக் குரோஷாவைக் கற்பித்தார். குளோனிஸ் ரேந்தை என்னும் பெயர் இன்றளவும் நிலைத்திருக்கின்றது. பசிக்குச் சபை வேறுபாடு தெரியாது. அதனைத் தீர்க்க முனைந்தவர்களும் அவ்வேறுபாட்டைப் பெரிதாக்கவில்லை என்று கொள்ளலாம்.

தையலூசி ரேந்தையை விடுத்துப் பலர் குரோஷாவைத் தேர்ந்தது ஏன்? வெனிஸ் நகரத்துப் புடைப்பு ரேந்தை அரச குடும்பத்தினர் விரும்பி அணிந்தது. ஆனால் அதில் ஒரு சாண் முடிக்கப் பல நாள்கள் செல்லும். அதன் தோற்றத்தைக் கொக்கியூசியால் பன்மடங்கு விரைவாகக் கொணர முடியும் என்பதை ஐரிஷ் பெண்கள் கண்டனர். பசித்திருப்போர்க்கு விரைவே உயிர். அவர்களது முறையில் ரோசாவும், மூவிலையும், திராட்சைக் கொத்தும், சக்கரமும் தடித்த நூலை உள்ளே வைத்துத் தனித்தனியே பின்னப்பட்டன. பின்னர் அவற்றைத் துணியில் வரைந்த மாதிரியின் மேல் அடுக்கி, இடைவெளிகளை வலைப்பின்னலால் இணைத்தனர். ஒரு வீட்டார் ரோசா மட்டும், மற்றொரு வீட்டார் இலை மட்டும், வேறொருவர் இணைப்பு மட்டும் எனப் பங்கிட்டுச் செய்ததும் உண்டு. நல்ல ஊசி வாங்க வழியற்றோர் கம்பியை வளைத்து மரப்பிடியில் செருகிக்கொண்டனர்.

இவ்வாறு ஈட்டிய காசு வாடகையாயிற்று, சோளமாவு ஆயிற்று, அமெரிக்காவுக்குக் கப்பற்கூலியும் ஆயிற்று. உழவனாகிய தந்தை வேலையற்றிருக்க, பன்னிரண்டு வயது மகளின் விரல்கள் குடும்பத்தைத் தாங்கிய வீடுகள் பல. அக்காலத்தில் அது பெருமைக்கும் உரியது, கண்ணீருக்கும் உரியது. மங்கிய ஒளியில் நுண்ணிழையை உற்று நோக்கிக் கண் கெட்டவர்களும் இருந்தனர்.

பஞ்சம் தீர்ந்தபின் தொழில் ஏறியும் இறங்கியும் வந்தது. நாகரிகம் மாறினால் வேலை நின்றுவிடும். 1880-களில் சுவிட்சர்லாந்திலும் சாக்சனியிலும் இயந்திரத் தையலால் குரோஷாவைப் போன்ற தோற்றத்தை உண்டாக்கி, அடித்துணியை வேதிப்பொருளால் கரைத்துவிடும் முறை தோன்றிற்று. தோற்றத்தை மட்டும் விரும்பியவர்க்கு அந்தப் போலியே போதுமாயிருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரிஷ் குரோஷா பாரிசில் மீண்டும் மதிப்புப் பெற்றது. முதல் உலகப்போருக்குப் பின் ஆடை வழக்கம் மாறவே பெரும்பாலும் ஓய்ந்தது.

தென்திசைக்கு வந்த நூல்

கலையைச் சுமந்துவந்த மறைப்பணியாளர் வழியே நம் நாட்டிற்கும் ரேந்தை பரவிற்று. அயர்லாந்துப் பஞ்சத்திற்கு முன்னரே, 1820-களில், நாகர்கோவிலில் இலண்டன் மிஷனைச் சார்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் திண்டு ரேந்தையைச் சிறுமியர்க்குக் கற்பித்தார். அது குரோஷா அன்று. மரக்குச்சிகளில் நூல் சுற்றி ஆக்கும் மூத்த வகை. அந்நாளில் திருவிதாங்கூரில் அடிமைமுறை நிலவிற்று. அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1855-இல்தான். அடிமைக் குடும்பங்களிற் பிறந்த சிறுமியர் சிலர் ரேந்தை வேலையில் ஈட்டிய கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர் என்பது அப்பணியின் வரலாற்றில் பதிவாகியுள்ளது. ஒரு முழ ரேந்தைக்கு ஈடாக ஒரு மனித உயிர் தன்னையே மீட்டுக்கொண்டது! மால்ட் அம்மையாரின் மகளும் கால்டுவெல் ஐயரின் துணைவியாருமான எலிசா, இடையன்குடியில் இக்கலையை வளர்த்தார்.

கத்தோலிக்கர் தரப்பில் நாம் நினைவுகூர வேண்டிய ஊர் முளகுமூடு. 1897-இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரிலிருந்து அங்கு வந்தவர் அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்டர். அவர் வந்த நாடே ரேந்தைக்குப் புகழ்பெற்றது. அவர் அனாதைச் சிறுமியர்க்கும் ஏழைப் பெண்களுக்கும் ஆற்றிய தொண்டிலிருந்து ஒரு துறவற சபையே பிறந்தது. அச்சபையார் பேணிய கைவேலைப்பாடுகளுள் தையற்பூவும் ரேந்தையும் இடம்பெற்றன. குமரி மாவட்டத்துத் திருப்பலிப் பீடங்களின் வெண்டுகில்களுக்கு விளிம்பு அமைத்த விரல்கள் யாருடையவை என்று தேடிச் சென்றால் இத்தகைய கூடங்களின் வாயிலில் போய் நிற்போம்.

நரசாப்பூர் கேட்கும் கேள்வி

குரோஷா விரிப்புகள் பெருந்தொழிலாக வளர்ந்த இந்திய ஊரைக் காண நாம் வடக்கே கோதாவரிக் கழிமுகத்துக்குச் செல்ல வேண்டும். ஆந்திரத்தின் நரசாப்பூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் 19-ஆம் நூற்றாண்டில் மறைப்பணிக் குடும்பத்துப் பெண்கள் ஏழைக் கிறிஸ்தவப் பெண்களுக்கு ரேந்தை வேலையைக் கற்பித்தனர். தொடக்கத்தில் வருவாய் அப்பெண்களின் நலனுக்கே சென்றது. பின்னர் வணிகர் நுழைந்தனர். நூலை முகவர் கொடுப்பார். பெண்கள் வீட்டிலிருந்தே பின்னித் தருவர். பண்டம் கடல் கடந்து போகும். அயர்லாந்தில் போலவே இங்கும் ஒருத்தி பூ, மற்றொருத்தி இணைப்பு என வேலை துண்டாடப்பட்டது. தான் செய்தது முழு உருவில் எப்படியிருக்கும் என்பதையோ, எவ்விலைக்கு விற்கும் என்பதையோ செய்தவளே அறியாள்.

1970-களின் இறுதியில் செருமானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அவ்வூர்களில் தங்கி ஆராய்ந்தார். அவரது நூல் 1982-இல் வெளிவந்தது. ஏறத்தாழ 1 இலட்சம் பெண்கள் அத்தொழிலில் இருந்ததாகவும், ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னியும் ஒரு நாளைக்கு ஒரு ரூபாய்கூடக் கிட்டாத நிலை இருந்ததாகவும் அவர் கண்டார். வயலில் உழைத்த பெண்ணுக்கு உரிய குறைந்தபட்சக் கூலியைவிட அது மிகவும் தாழ்ந்தது. அப்பெண்களோ தொழிலாளர் எனக் கருதப்படவில்லை. வீட்டிலிருந்து பொழுதுபோக்காக ஏதோ பின்னும் இல்லத்தரசியர் எனப்பட்டனர். குடும்பக் கண்ணியம் கருதி வெளியே வேலைக்குச் செல்லாத பெண்கள் பலரும் தம்மை அவ்வாறே கூறிக்கொண்டனர். அந்த ஒரு சொல் வணிகர்க்குப் பெரிதும் உதவிற்று. பொழுதுபோக்குக்கு எவரும் கூலிப் பட்டியல் கேட்பதில்லை அல்லவா?

2024-இல் நரசாப்பூர் குரோஷா ரேந்தைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குப் பாதுகாப்பு வந்தமை மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் பெயரைக் காக்கும் ஏடு கூலியையும் தானாகக் காத்துவிடாது. அது வாங்குவோர், விற்போர் ஆகிய நம் அனைவரின் மனச்சான்றையும் சார்ந்தது.

நமக்குரிய கணக்கு

மடங்களும் மறைப்பணிக் கூடங்களும் செய்த நன்மையை இவ்வரலாறு மறைக்கவில்லை. பசித்த சிறுமியின் கையில் பிச்சைக்காசை வைக்காமல் அவள் உழைப்பின் காசை வைத்தது பெருந்தொண்டு. பிச்சை அன்றைய பசியைத் தீர்க்கும். கூலி நிமிர்ந்து நிற்கக் கற்பிக்கும். அதே வேளையில், இது பெண்ணுக்கு ஏற்ற அடக்கமான வேலை, வீட்டை விட்டு வெளியேறாமல் செய்யத்தக்கது என்று போற்றிய அதே குரல், இதற்கு முழுக்கூலி வேண்டா என்னும் எண்ணத்திற்கும் இடங்கொடுத்துவிட்டது. நன்மையும் குறையும் ஒரே நூலில் முறுக்கப்பட்டிருப்பதைக் காண்பதே வரலாற்றை நேர்மையாகப் படிப்பதாகும்.

1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றி வெளியிட்ட சுற்றுமடல், தொழிலாளி இசைந்துவிட்டான் என்பதாலேயே ஒரு கூலி நீதியானதாகிவிடாது என்று உணர்த்திற்று. வேறு வழியின்றி இசைவது உண்மையான இசைவன்று என்பது அதன் கருத்து. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் உழைப்பைப் பற்றி எழுதிய மடலில், உழைப்பின் மதிப்பு செய்யப்படும் பொருளை மட்டும் பொறுத்ததன்று, அதனைச் செய்பவர் மனிதர் என்பதையே முதன்மையாகப் பொறுத்தது என்று விளக்கினார். இவ்விரு கருத்துகளையும் ஒரு வெண்ணிற விரிப்பின் மேல் வைத்துப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக, ஒரு விரிப்பைப் பின்ன பத்து மணி நேரம் ஆகின்றது எனக் கொள்வோம். கடையில் அதன் விலை 200 ரூபாய். நூலுக்கு 40 ரூபாய். கடைக்காரர்க்கும் முகவர்க்கும் 80 ரூபாய். எஞ்சிய 80 ரூபாயைப் பத்தால் வகுத்தால் மணிக்கு எட்டு ரூபாய். அந்த விரிப்பைக் கையிலெடுத்து, இன்னும் இருபது ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நாம் பேரம் பேசும்போது, அக்குறைவு யாருடைய பங்கிலிருந்து கழிகின்றது? நூல் வணிகர் குறைக்கமாட்டார், முகவரும் குறைக்கமாட்டார். குறைவது அந்த எட்டு ரூபாய்தான்.

நம் பங்குத் திருவிழாக் கடைகளிலும், மாதர் சங்க விற்பனைகளிலும், தையற் பயிற்சிக் கூடங்களிலும் இத்தகைய கைவேலைகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. அங்கெல்லாம் ஒரு சிறு வழக்கத்தை நாம் தொடங்கலாம். பொருளின் விலையோடு, அதனைச் செய்யச் சென்ற நேரத்தையும், செய்தவர்க்குச் சேரும் தொகையையும் ஒரு சீட்டில் எழுதி வைக்கலாம். வாங்குவோர் அதனைப் படித்தபின் எத்தனை பேர் பேரம் பேசுவார்கள் என்று பார்ப்போம். வீட்டில் தாயோ சகோதரியோ பின்னுவதையும் பொழுதுபோக்கு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடாமல், அதற்குரிய உழைப்பை உழைப்பு என்றே சொல்லப் பழகலாம்.

யோப்பா நகரில் தபித்தா இறந்தபோது, கைம்பெண்கள் பேதுருவிடம் அவளது புண்ணியங்களை எடுத்துரைக்கவில்லை. அவள் தங்களுக்குச் செய்து தந்த ஆடைகளையே அழுதுகொண்டு காட்டினார்கள் எனத் திருத்தூதர் பணிகள் கூறக் கேட்டிருக்கின்றோம். கையால் ஆக்கிய பொருள், ஆக்கியவரின் சாட்சி. நம் மேசைமேல் கிடக்கும் விரிப்பும் ஒருத்தியின் சாட்சியே. அவளது பெயரை நாம் அறிய வழியில்லாதிருக்கலாம். அவளுக்குரிய கூலியை மறுக்காதிருக்க வழியுண்டு. அது நம் கையில் இருக்கின்றது.